மீண்டும் எண்ணெயிட முடியாத எந்திரங்கள்

சுழல்கின்ற பொருள் எதுவாயினும் அதற்கு எண்ணெய் வேண்டும் என்பதை உழவனும் அறிவான். ஆலைத் தொழிலாளியும் அறிவான். நம் முன்னோர் வைக்கோலை எரித்த கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டியின் அச்சுக்கு இட்டனர். அதனை வண்டிமை என்றனர். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர் ஷீட்டு உருட்டும் எந்திரத்துக்கும், பால்வெட்டுக்குச் செல்வோரின் சைக்கிள் சங்கிலிக்கும், பின்னாளில் ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தபொழுது செம்பனை ஆலையின் பிழிபொறிக்கும் எண்ணெயும் கிரீஸும் இட்டு வந்தோர் பலர். அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. ஆயினும் அவர்கள் ஒரு நாள் மறந்திருந்தால் ஆலை நின்றிருக்கும்.

இவ்வெந்திரங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு நற்பேறு உண்டு. எண்ணெய் வற்றினால் மீண்டும் இடலாம் என்பதே அது. கிறீச்சென்று ஒலி எழுந்தவுடன் எந்திரத்தை நிறுத்தி, துடைத்து, புதிதாக எண்ணெயிட்டு ஓட்டலாம். தேய்ந்த தாங்கியைக் கழற்றி வேறொன்று மாட்டலாம்.

இந்நற்பேறு சிறிதும் இல்லாத எந்திரங்களும் உள. அவற்றுள் ஒன்றைத் தோட்ட மக்களும் நாள்தோறும் பயன்படுத்தினர் என்றால் வியப்பாக இருக்கலாம். ரந்தாவ், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் வீட்டுக் கூரைகளின்மேல் காணும் அஸ்ட்ரோ தட்டு, வானத்தில் ஒரே இடத்தை நோக்கியவாறு நிற்கின்றது. அத்திசையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், மீசாட் என்னும் மலேசியத் துணைக்கோள்களின் இடம் உள்ளது. அவற்றுள் முதலாவது 1996 ஜனவரியில் ஏரியான் ராக்கெட்டின் மூலம் ஏவப்பட்டது.

அந்த முதல் மீசாட் உருளை வடிவமானது. நிலைகுலையாமல் இருப்பதற்காக அதன் உடல் பம்பரம்போல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 முறை சுழன்றது. அதன் மேலிருந்த அலைவாங்கியோ சுழலாமல் எப்போதும் பூமியை நோக்கியே நின்றது. சுழலும் உடலையும் சுழலாத தலையையும் இணைத்தது ஒரு தாங்கி. நிமிடத்துக்கு 50 முறை எனின், ஓராண்டில் 2 கோடியே 62 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள்! அத்தாங்கிக்கு எண்ணெயிட எவரும் அங்கே செல்ல முடியாது. ஏவுவதற்கு முன்னர் இட்ட எண்ணெயே அதன் ஆயுள் முழுவதற்கும் உரியது. 2006 டிசம்பரில் ஏவப்பட்ட மூன்றாம் மீசாட் வேறு வகையினது. அதன் உடல் சுழலவில்லை. ஆனால் கதிரவனை நோக்கி விரிந்த அதன் இரு சிறகுகளும் நாளொன்றுக்கு ஒரு முறை மெல்லத் திரும்ப வேண்டியிருந்தது. மெல்லத் திரும்புவது எளிது என்று எண்ணிவிடலாகாது. விரைந்து சுழலும் தாங்கியில் எண்ணெய் தானே உள்ளே இழுக்கப்பட்டுப் படலமாக நின்று இரும்பை இரும்பினின்றும் பிரிக்கும். மெல்லத் திரும்பும் தாங்கியில் அப்படலம் உருவாவதில்லை.

இத்தகைய எந்திரங்களுக்கு எதை இடுவது? இக்கேள்விக்கு விடை காண அறிவியலார் அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்து வருகின்றனர்.

காற்று செய்யும் காணா உதவி

முதலில் உராய்வின் இயல்பை நோக்குவோம். நன்கு மெருகேற்றிய எஃகுப் பரப்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும். உருப்பெருக்கியில் பார்த்தால் அது மேடும் பள்ளமுமாக, மலைத்தொடர்போல் காணும். அத்தகைய இரு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை முழுவதும் தொடுவதில்லை. சிற்சில முகடுகளே தொடுகின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌடன், டேபர் என்னும் இருவரும் 1950-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினர். பாரம் முழுவதும் அச்சில முகடுகளின்மேல் இறங்குவதால் அவ்விடங்களில் உலோகம் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றது. அவ்வொட்டைப் பிய்த்து நகர்த்துவதற்கு வேண்டும் விசையே உராய்வின் பெரும்பகுதி.

அவ்வாறாயின், மேசைமேல் கிடக்கும் இரு இரும்புத் துண்டுகள் ஏன் ஒன்றாக ஒட்டிக்கொள்வதில்லை? காற்றே காரணம். காற்றிலுள்ள உயிர்வளி உலோகத்தின் மேற்பரப்பில் மிக மெல்லிய துருப் படலத்தை உண்டாக்கி வைத்துள்ளது. நீராவியும் தூசும் அதன்மேல் படிந்துள்ளன. இவை ஒரு திரைபோல் நின்று உலோகம் உலோகத்தைத் தொடாமல் தடுக்கின்றன. தேய்மானத்தால் அத்திரை கிழிந்தாலும் காற்று அதனை உடனே மீண்டும் நெய்துவிடுகின்றது.

வகுப்பறையில் ஆசிரியர் இதனைச் செய்து காட்டலாம். தூண்டிலுக்குப் பயன்படும் இரு ஈயக் குண்டுகளை எடுத்து ஒவ்வொன்றின் ஒரு முகத்தையும் கத்தியால் தட்டையாகச் சீவுக. பளபளக்கும் அவ்விரு முகங்களையும் உடனே சேர்த்து, திருகி அழுத்துக. அவை ஒட்டிக்கொள்ளும், பிரிக்க விசை வேண்டும். சிறிது நேரம் காற்றில் விட்டுவைத்த பின் செய்தால் ஒட்டு வலுக் குறைந்துவிடும். ஈயம் நஞ்சாதலால் இதனை ஆசிரியர் மட்டுமே செய்து, கைகளை நன்கு கழுவிக்கொள்ள வேண்டும்.

வானத்து வெற்றிடத்தில் காற்றில்லை. கிழிந்த திரையை நெய்வதற்கு உயிர்வளியும் இல்லை. அங்கே இரு உலோகப் பரப்புகள் திரை தேய்ந்து நேருக்கு நேர் தொட்டுவிட்டால் தீயின்றியே பற்றவைத்ததுபோல் இணைந்துவிடக் கூடும். இதனைக் குளிர்ப்பற்றுதல் எனலாம்.

நாமறிந்த எண்ணெய் அங்கே ஏன் தோற்கிறது?

அங்ஙனமாயின் கடையில் விற்கும் நல்ல எண்ணெயையே நிறைய இட்டு அனுப்பலாமே எனத் தோன்றும். அதற்கு மூன்று தடைகள் உள.

முதலாவது, ஆவியாதல். காற்றின் அழுத்தமில்லாத இடத்தில் சாதாரண எண்ணெய் சிறிது சிறிதாக ஆவியாகிப் போய்விடும். இரண்டாவது, அவ்வாறு போன ஆவி சும்மா போவதில்லை; விண்கலத்தின் குளிர்ந்த பகுதிகளில் படிகின்றது. தொலைநோக்கியின் கண்ணாடியிலோ மின்சாரம் உண்டாக்கும் சூரியத் தகட்டிலோ படிந்தால் அது கெட்டுவிடும். இடம் மாறிய எண்ணெய் கேடு செய்யும் என்பது ரப்பர்த் தொழில் அறிந்தோர்க்குப் புதிதன்று. உருளை எந்திரத்துக்கு இட்ட எண்ணெய் ரப்பர் ஷீட்டில் பட்டால், கனிம எண்ணெயை உறிஞ்சும் இயல்புடைய ரப்பர் உப்பி வலுவிழந்துவிடும். எந்திரத்தைக் காக்கும் அதே எண்ணெய் சரக்கைக் கெடுக்கின்றது. விண்கலத்திலும் இதுவே நிலை.

மூன்றாவது, தட்பவெப்பம். பூமியைச் சுற்றும் கலத்தின் வெயில்பட்ட பகுதி 100 பாகை செல்சியஸுக்கு மேல் கொதிக்கலாம். நிழற்பகுதி பூஜ்யத்துக்குக் கீழ் 100 பாகைக்கும் அப்பால் குளிரலாம். நம் வீட்டுச் செம்பனைச் சமையல் எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அது கலங்கி உறைவதைக் காண்கின்றோம். வீட்டுப் பெட்டியின் குளிருக்கே உறையும் எண்ணெய் வானத்துக் குளிருக்கு எம்மாத்திரம்? மேலும் செம்பனை எண்ணெயின் அணுத்தொடர்களில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. வெப்பத்திலும் நாளடைவிலும் அவை உடைந்தும் பிணைந்தும் எண்ணெயைப் பிசினாக்கிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த எண்ணெய்கள்

எனவே இயற்கை தராத எண்ணெய்களை மனிதன் ஆக்கினான். அக்கதையின் தொடக்கம் ஒரு தற்செயல். 1938 ஏப்ரலில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன வேதியியலார் ராய் பிளங்கெட், குளிரூட்டும் வாயுக்களை ஆராய்ந்தபோது, ஓர் உருளையில் அடைத்து வைத்த வாயு வெளிவராததைக் கண்டார். உருளையை அறுத்துப் பார்த்தபொழுது உள்ளே வழவழப்பான வெண்பொடி இருந்தது. அதுவே பின்னர் டெஃப்லான் எனப் பெயர் பெற்றது. கரியணுவைச் சுற்றி ஃபுளோரின் அணுக்கள் கவசம்போல் நிற்பதால் வேறெந்தப் பொருளும் அதனோடு எளிதில் வினைபுரிவதில்லை.

இதே கரி–ஃபுளோரின் பிணைப்போடு உயிர்வளி அணுக்களையும் இடையிடையே கோத்து நீண்ட தொடராக்கினால், எளிதில் வளைந்து கொடுக்கும் ஒரு திரவம் கிடைக்கின்றது. கிரைடாக்ஸ், ஃபோம்ப்ளின் என்னும் வணிகப் பெயர்களில் விற்கப்படுபவை இவ்வகையின. இவற்றுள் சில பூஜ்யத்துக்குக் கீழ் 60 பாகையிலும் ஓடும். வெற்றிடத்தில் ஆவியாவதும் மிகமிகக் குறைவு. இவ்வகை எண்ணெயோடு டெஃப்லான் பொடியைக் குழைத்தால் கிரீஸ் ஆகும். விண்கலங்களில் பெரிதும் பயன்படும் பிரேகோட் அத்தகையது.

குறையில்லாத பொருள் உண்டோ? இவ்வெண்ணெய்கள் எஃகின்மேல் கடும் அழுத்தத்தில் உரசும் இடங்களில் சிதைகின்றன. சிதைவில் தோன்றும் பொருள்கள் மேலும் சிதைவைத் தூண்டுகின்றன. அதனால் ஃபுளோரின் இல்லாமல், ஐந்து கரியணு வளையத்தில் நீண்ட கிளைகளை ஒட்டவைத்த மற்றொரு வகை எண்ணெய் உருவாக்கப்பட்டது. பென்சேன் என்னும் வணிகப் பெயருடையது இவ்வகையே. நீண்டகாலம் சுழலும் தாங்கிகளுக்கு இதனை விரும்புவோர் பலர்.

எண்ணெயை வைக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பல தாங்கிகளில், குண்டுகளைப் பிரித்து வைக்கும் வளையம் பருத்தித் துணியைப் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்யப்படுகின்றது. நுண்துளைகள் நிறைந்த அவ்வளையத்தை எண்ணெயில் ஊறவைப்பர். தேவைக்கேற்ப எண்ணெய் அதிலிருந்து சிறிது சிறிதாகக் கசியும். விளக்குத் திரி எண்ணெயைச் சுடருக்கு ஊட்டுவது போன்றதே இது.

நம் தோட்டத்துப் பயிருக்கு இத்துறையில் தொடர்பே இல்லையா என்று கேட்கலாம். விண்வெளிக்கு அன்று; விமானத்துக்கு உண்டு. ஜெட் விமான எந்திரங்கள் எஸ்டர் எனப்படும் செயற்கை எண்ணெயால் ஓடுகின்றன. அவற்றை ஆக்கப் பயன்படும் கொழுப்பமிலங்களுள் எட்டும் பத்தும் கரியணு கொண்டவை செம்பனையின் பருப்பெண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் இயற்கையாகவே சிறிதளவு உள்ளன. இரட்டைப் பிணைப்பு இல்லாத இக்குறுந்தொடர் அமிலங்கள் எளிதில் பிசினாவதில்லை.

உலர்ந்த மசகு

எண்ணெயே வேண்டாம், உலர்ந்த பூச்சே போதும் என்பது இரண்டாவது வழி. பென்சிலின் கரியான கிராபைட்டை எல்லோரும் அறிவர். தாளின்மேல் அது வழுக்கிச் செல்வது அதன் அணுக்கள் அடுக்கடுக்காக இருப்பதால் என்பர். பூட்டு இறுகினால் பென்சில் பொடியைத் தூவும் வழக்கமும் உண்டு. ஆனால் 1940-களில் உயரப் பறந்த விமானங்களில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அவற்றின் மின்னாக்கிகளிலிருந்த கரித் துண்டுகள் தரையில் நெடுங்காலம் உழைப்பவை. உயரத்திலோ விரைவில் பொடிப்பொடியாகத் தேய்ந்தன. சாவேஜ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1948-இல் இதன் காரணத்தை விளக்கினார். கிராபைட்டின் வழுக்கும் தன்மைக்குக் காற்றிலுள்ள நீராவி துணை வேண்டும். உயரத்தில் நீராவி குறைவு. வெற்றிடத்தில் அறவே இல்லை.

மாலிப்டினம் டைசல்பைடு என்னும் கரும்பொருள் இதற்கு நேர்மாறானது. இரு கந்தக அணு அடுக்குகளுக்கு இடையில் மாலிப்டினம் அணு அடுக்கொன்று அமைந்து, அத்தகைய தட்டுகள் வாழைப்பட்டைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. ஒரு தட்டுக்குள் பிணைப்பு மிக வலியது. தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் மிக மெலியது. ஆகவே தட்டுகள் வழுக்கிச் செல்கின்றன. ஈரக் காற்றில் இதன் உராய்வு மிகும், தேய்மானமும் மிகும். வெற்றிடத்திலோ உராய்வு மிகவும் குறைந்துவிடுகின்றது. கிராபைட்டு மண்ணுக்குரியது, இது விண்ணுக்குரியது எனலாம்.

இதனைப் பூசும் முறையும் அறியத்தக்கது. காற்றை வெளியேற்றிய கலத்தில் ஆர்கான் வாயுவை மின்னூட்டி, அதன் துகள்கள் மாலிப்டினம் டைசல்பைடு கட்டியின்மேல் மோதுமாறு செய்வர். மோதலில் தெறிக்கும் அணுக்கள் எதிரிலுள்ள உலோகத்தின்மேல் படியும். அப்படலத்தின் பருமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. தலைமயிரின் பருமனோ அதனினும் பன்மடங்கு. ஐரோப்பியர் சிலவிடங்களில் இதே போன்று ஈயத்தை மெல்லிய படலமாகப் படியவைத்துப் பயன்படுத்துகின்றனர். மென்மையான ஈயம் தான் நசுங்கி எஃகைக் காக்கின்றது.

திறக்காத குடை

மாலிப்டினம் டைசல்பைடு ஈரக் காற்றில் எளிதில் தேயும் என்று கூறினோமன்றோ? அச்சிறு உண்மை எத்துணைப் பெரிய இழப்புக்குக் காரணமாகக் கூடும் என்பதற்குக் கலிலியோ விண்கலமே சான்று.

வியாழனை ஆராய்வதற்கென அமெரிக்கா ஆக்கிய அக்கலத்தில், குடைபோல் விரியும் 4.8 மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கி ஒன்று இருந்தது. அக்குடைக்கு 18 விலா. மடித்து வைத்த நிலையில் விலாக்களைப் பிடித்திருந்த டைட்டானிய முளைகளுக்கு மாலிப்டினம் டைசல்பைடு அடங்கிய உலர்பூச்சு இடப்பட்டிருந்தது. கலம் 1986-இல் புறப்பட வேண்டியது. அவ்வாண்டு ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து எழுவர் மாண்டதால் பயணம் தள்ளிப்போயிற்று. புளோரிடாவுக்குக் கொண்டுவந்த கலத்தை மீண்டும் கலிபோர்னியாவுக்கும், பின்னர் மறுபடி புளோரிடாவுக்கும் லாரியில் ஏற்றிச் சென்றனர். ஈராயிரம் மைலுக்கும் மேற்பட்ட சாலை அது. வழிநெடுக அதிர்வு, சுற்றிலும் காற்று. அந்தக் குலுங்கலில் முளைகளின் பூச்சு தேய்ந்துகொண்டிருந்ததை எவரும் அறியவில்லை. பூச்சு மீண்டும் இடப்படவும் இல்லை.

1989 அக்டோபர் 18-இல் கலிலியோ புறப்பட்டது. 1991 ஏப்ரல் 11-இல் குடையை விரிக்குமாறு கட்டளை அனுப்பினர். மோட்டார் சிறிது நேரம் சுழன்று நின்றுவிட்டது. விலாக்கள் சில சிக்கிக்கொண்டன. கலத்தை வெயிலுக்கும் நிழலுக்கும் திருப்பிச் சூடேற்றியும் குளிர்வித்தும் பார்த்தனர். மோட்டாரை விட்டுவிட்டு இயக்கித் தட்டியும் பார்த்தனர். பயனில்லை. பூச்சிழந்த முளைகள் தம் குழிகளில் பற்றிக்கொண்டன என்பதே ஆராய்ந்தோர் கண்ட முடிவு.

பெரிய அலைவாங்கி நொடிக்கு 1,34,000 பிட் செய்தி அனுப்ப வல்லது. எஞ்சியிருந்த சிறிய அலைவாங்கியோ அப்போதிருந்த நிலையில் நொடிக்கு 20 பிட்டுக்கும் குறைவாகவே வியாழனிலிருந்து அனுப்பக்கூடியது. பொறியியலார் மனந்தளரவில்லை. செய்திகளைச் சுருக்கி அனுப்பும் புதுக் கட்டளைகளைக் கலத்துக்கு ஏற்றினர். பூமியிலுள்ள பல அலைவாங்கிகளை ஒன்றுசேர்த்துக் கேட்டனர். நொடிக்கு 160 பிட் வரை உயர்த்தினர். 1995 டிசம்பரில் வியாழனை அடைந்த கலிலியோ, யூரோப்பா என்னும் துணைக்கோளின் பனிக்கடியில் கடல் உண்டு என்பதற்கு வலுவான சான்றுகளை அனுப்பி, 2003 செப்டம்பரில் வியாழனில் வீழ்ந்து முடிந்தது. ஆயினும் வந்திருக்க வேண்டிய படங்களிற் பெரும்பகுதி வராமலே போயிற்று. இழப்புக்குக் காரணம் ராக்கெட்டன்று, கணக்கன்று, தரையில் தேய்ந்த ஒரு கரும்பூச்சு.

இன்றைய நிலை

இப்பாடத்துக்குப் பின்னர் உலர்பூச்சிட்ட உறுப்புகளை ஈரம் அணுகாமல் உலர்ந்த நைட்ரஜன் சூழலில் காப்பதிலும், ஏவுமுன் எத்தனை முறை இயக்கிப் பார்க்கலாம் என்று கணக்கிட்டு வைப்பதிலும் பெருங்கவனம் செலுத்துகின்றனர். ஆயினும் போராட்டம் முடியவில்லை. 2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் கருவிகளுள் ஒன்று பூஜ்யத்துக்குக் கீழ் 266 பாகைக் குளிரில் இயங்குவது. எந்த எண்ணெயும் அங்கே கல்லாகிவிடும், உலர்பூச்சொன்றே கதி. 2022 ஆகஸ்டில் அக்கருவியின் சக்கரம் ஒன்றில் உராய்வு ஏறியது. உடனே அந்த ஒரு வகை ஆய்வை நிறுத்தி வைத்து, காரணத்தை ஆராய்ந்து, சக்கரத்தை எவ்வாறு பக்குவமாகத் திருப்புவது என வகுத்துக்கொண்டு, நவம்பரில் மீண்டும் தொடங்கினர். செவ்வாயில் உலவும் கியூரியாசிட்டி வண்டியோ ஈரக் கிரீஸ் இட்டது. ஆதலால் நகரத் தொடங்குமுன் அதன் மோட்டார்களைச் சூடேற்றிக் கிரீஸை இளக்கிக்கொள்ள வேண்டும். விடியற்குளிரில் லாரியின் எந்திரத்தைச் சிறிது ஓடவிட்டுப் பின் கிளப்பும் ஓட்டுநரின் செயல் போன்றதே இது.

இந்தியாவும் இத்துறையில் தன் காலில் நிற்கின்றது. துணைக்கோளைத் திருப்பும் சுழற்சக்கரங்களையும், சூரியச் சிறகுகளைத் திருப்பும் பொறிகளையும் திருவனந்தபுரத்திலுள்ள இஸ்ரோ நிறுவனப் பிரிவொன்று உருவாக்கி வருகின்றது.

தமிழாசிரியர்கள் கருதத்தக்கது ஒன்றுண்டு. இத்துறைக்கு மேலைநாட்டில் தனிப்பெயரே 1966-இல்தான் வந்தது. பீட்டர் ஜோஸ்ட் என்பார் தலைமையிலான குழு பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கையிலேயே, கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்ட ‘டிரைபாலஜி’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. உராய்வும் தேய்மானமும் எண்ணெயிடுதலும் தனித்தனிச் சிறு வேலைகள் அல்ல, ஒரே அறிவுத்துறை என்று அறிவித்ததும், அவற்றைப் புறக்கணிப்பதால் நாட்டுக்கு நேரும் பொருளிழப்பை எடுத்துக் காட்டியதும் அவ்வறிக்கையின் சிறப்பு. தமிழில் நாம் உராய்வியல் எனலாம். உயவு, மசகு என்னும் சொற்கள் நம் பாடநூல்களில் வழங்குகின்றன. வண்டிமை என்னும் பழஞ்சொல்லும் நம்மிடம் உண்டு. கரியை எண்ணெயில் குழைத்த அவ்வண்டிமையும் டெஃப்லான் பொடியைச் செயற்கை எண்ணெயில் குழைத்த விண்கலக் கிரீஸும் அமைப்பு முறையில் ஓரினமே என்று மாணவர்க்குக் கூறலாம். புதிய அறிவியல் வேற்றுலகத்துப் பொருளன்று என்பதை அவர்கள் அப்போது எளிதில் உணர்வர்.

மற்றொன்றும் கூறலாம். ஆலையில் எண்ணெயிடும் பணியைக் கடைநிலைப் பணியாக எண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. கலிலியோவின் முளைகளுக்கு ஏவுமுன் ஒருமுறை புதிதாகப் பூச்சிட்டிருந்தால் வியாழனைப் பற்றி நாம் அறிந்தது இன்னும் பெரிதாக இருந்திருக்கும். தந்தையோ பாட்டனோ செம்பனை ஆலையில் கிரீஸ் இட்ட கையினர் எனின், அக்குடும்பத்து மாணவன் அதனைச் சொல்ல நாணவேண்டியதில்லை. அவர் செய்த வேலையையே இன்று பெரும் ஆய்வுக்கூடங்கள் செய்து வருகின்றன. மறுமுறை செய்ய வாய்ப்பில்லை என்பதே வேறுபாடு.